தோட்டம் தாமானான பிறகு வழி எங்கே போனது? எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் கெடாவில், சுங்கைப்பட்டாணியை ஒட்டிய ஒரு தோட்டப் பட்டணம். இரண்டு வரிசைக் கடைவீடு, ஒரு ரயில் நிலையம், ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் கித்தாக் காடு (ரப்பர்) என்று இருந்த இடம். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் பாதி போய்த் தாமான்கள், அதாவது புதுக் குடியிருப்புகள், வந்துவிட்டன. நான் குடியிருப்பாளர் சங்கத்தில் இருப்பதால் யாராவது வழிமறித்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: “பக்கத்துத் தாமானில் காயும் துணிகூடக் கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே போக மட்டும் ஏன் வழியில்லை?” அந்தக் கேள்வியையும் அதிலிருந்து கிளைத்த மற்றவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

தெரு இணைப்பு என்கிறீர்களே, அதை எப்படி அளப்பது?

ஒரு சந்திப்பில் நின்று, அங்கிருந்து எத்தனை பக்கம் போகலாம் என்று எண்ணுங்கள். நாற்சந்தி என்றால் 4. முச்சந்தி என்றால் 3. முட்டுச்சந்தின் கடைசியில் நின்றால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும், ஆகவே 1. ஊரில் உள்ள எல்லாச் சந்திப்புகளுக்கும் இப்படி எண் போட்டுச் சராசரி எடுத்தால், தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

இன்னோர் அளவு இதைவிட எளிது. நூல் பிடித்தாற்போல் நேராகப் போனால் எவ்வளவு தூரம், சாலை வழியே போனால் எவ்வளவு தூரம் என்று பார்ப்பது. என் வீட்டுப் பின்கதவிலிருந்து தமிழ்ப்பள்ளி 350 மீட்டர். காலையில் மணி அடிப்பது அடுப்படியில் கேட்கும். சாலை வழியே போனால் 2.6 கிலோமீட்டர், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். பழைய கடைத்தெருவில் கோயிலிலிருந்து சந்தைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றேகால் மடங்குதான் வந்தது. ஒரே ஊர், ஒரே வெயில். ஆனால் கடைத்தெருவில் எழுபது வயதுப் பாட்டி நடந்து போகிறார், எங்கள் தாமானில் பத்து வயதுப் பையனை வேனில் ஏற்றி அனுப்புகிறோம்.

நகரம் பரந்து விரிகிறது என்று பத்திரிகையில் எழுதுவதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. மலேசியாவில் 1970இல் நகரங்களில் வாழ்ந்தோர் 28.4 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. இத்தனை பேருக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் பெரும்பாலும் தோட்டமாக இருந்தது. பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டத்தில். புத்ராஜெயா இருப்பது பிராங் பெசார் தோட்டத்து மண்ணில்.

பரவுவதை வைத்து மட்டும் ஓர் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வளரும்போது விரியத்தான் செய்யும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக விரியும் பகுதி பழைய பகுதியோடும் தனக்குள்ளும் சேராமல், மரத்திலிருந்து தனித்தனியாகத் தொங்கும் கிளைகள் மாதிரி வளர்கிறது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அடிமரம் வரை இறங்கி ஏற வேண்டும். நமக்கு அந்த அடிமரம் பெரிய சாலை.

தோட்டமாக இருந்தபோது எப்படிப் போய் வந்தோம்?

அப்போது வழி தாராளமாக இருந்தது. விடியுமுன்னே லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து பால் வெட்டும் நிரைக்கு, நிரையிலிருந்து ரப்பர்ப் பால் வாளியோடு கொட்டகைக்கு, பிள்ளையைக் கூப்பிடக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைக்கு. எல்லாம் நடைதான், மிஞ்சிப்போனால் சைக்கிள். பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வெள்ளைக்காரக் கம்பெனிகள் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து நடுநடுவே செம்மண் சடக்கு (சாலை) போட்டன. செம்பனைக்கும் அதே அவசரம்தான். குலையை வெட்டி ஒரு நாளைக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே எந்த மூலையிலிருந்தும் லோரி வெளியேற வழி இருந்தது. முதலாளி தன் லாபத்துக்காகப் போட்ட சடக்குதான், ஆனால் அதிலேயே நாமும் பள்ளிக்கும் கோயிலுக்கும் அடுத்த டிவிஷன் கல்யாணத்துக்கும் நடந்தோம். சடக்கு சுற்றிப் போன இடத்தில் நம் கால்களே ஒற்றையடிப் பாதை போட்டுக்கொண்டன.

அந்தச் சடக்கு எதுவும் ஊருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. முழுத் தோட்டமும் கம்பெனியின் பட்டாவில் இருந்தது. உள்ளே ஓடிய வழிகள் பொதுச்சாலைக்கான ஒதுக்கீடாக அரசாங்கப் பதிவில் ஏறவில்லை. தோட்டம் கைமாறியதும் மண்வாரி இயந்திரம் வந்து லயத்தையும் சடக்கையும் ஒரே நாளில் சமமாக்கியது. மூன்று தலைமுறை நடந்த பாதை என்று சொல்லிக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் நம்மிடம் இல்லை. இதை எழுதும்போது இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது.

புதுத் தாமானுக்கு ஏன் ஒரே ஒரு வாசல்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணங்கள் பல, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டவை.

முதலாவது நிலத்தின் எல்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் பேசியது அதைத்தான். தொழிலாளர்கள் வேலையும் லயமும் இழந்து நின்ற அந்த நாளில்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கவைத்தார். பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஆனாலும் துண்டுகள் துண்டுகளாகவே நின்றன. இன்று வீடு கட்டி விற்கும் ஒரு மேம்பாட்டாளர் தன் துண்டுக்கு மட்டும் வரைபடம் போடுகிறார். பக்கத்துத் துண்டு வேறொருவருடையது, அங்கே இன்னும் செம்பனை நிற்கிறது. அந்தப் பக்கம் சாலை விட்டு அவருக்கு என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது, சாலை போட்ட இடத்தில் வீடு கட்டி விற்க முடியாது. முட்டுச்சந்தாக முடித்தால் கடைசியில் ஒன்றிரண்டு வீட்டுமனை கூடக் கிடைக்கும். மூலைவீடு என்றால் விலையும் அதிகம்.

மூன்றாவது, கட்டம் கட்டமாகக் கட்டுவது. முதல் கட்டத்தில் ஒரு தெருவைப் பாதியில் நிறுத்தி, அடுத்த கட்டத்தில் நீளும் என்பார்கள். பத்து வருஷம் கழித்து அடுத்த கட்டம் வரும்போது அந்த நுனியில் யாரோ காருக்குக் கொட்டகை போட்டிருப்பார், வாழை நட்டிருப்பார். தெரு நீள்வதை முதலில் எதிர்ப்பது அவராகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தொடரப்போகும் சாலை என்று வீடு வாங்கும்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இவற்றோடு பெரிய லோங்கான் (வடிகால்), மின்கோபுரங்களின் கம்பி வழி, ரயில் பாதை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பாலம் போட்டால் போதும். அந்தப் பாலம் யார் செலவு என்ற கேள்விதான் அதைப் போடவிடாமல் வைத்திருக்கிறது.

முட்டுச்சந்து வைக்கும் யோசனை நம் ஊரில் பிறந்ததா?

இல்லை, கடல் கடந்து வந்தது. லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பூங்காப் புறநகருக்காக 1906இல் தனிச் சட்டமே போட்டு இப்படிப்பட்ட தெருக்களை அனுமதித்தார்கள். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். வீடுகளின் ஒரு பக்கம் கார் வரும் முட்டுச்சந்து, மறுபக்கம் பூங்கா வழியே போகும் நடைபாதை. 1936 வாக்கில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிர்வாகமே கட்டத்தெருவை விட்டுவிட்டு வளைந்த தெருவும் முட்டுச்சந்தும் வையுங்கள் என்று மேம்பாட்டாளர்களுக்கு வழிகாட்டத் தொடங்கியது. மலாயாவில், ஹாம்ப்ஸ்டெட் போன்ற குடியிருப்புகளைத் தந்த பூங்கா நகரக் கொள்கையில் ஊறிய சார்ல்ஸ் ரீட் 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் அரசாங்க நகரத் திட்டமிடுநராக வந்தார்.

ராட்பர்னில் முட்டுச்சந்தும் நடைபாதையும் சேர்ந்தே இருந்தன. ஊர் ஊராகப் பரவியபோது முட்டுச்சந்து மட்டும் போய்ச் சேர்ந்தது. நடைபாதை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. நம் தாமான்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

உலகம் முழுவதும் இப்படித்தானா, நமக்கு மட்டுமா?

கிறிஸ்டஃபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். 2015இல் அமெரிக்காவின் ஒரு நூற்றாண்டுத் தெருக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அங்கே புதிய தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியது. 2020இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் பதிவுகளையும் வைத்து உலகம் முழுவதையும் பார்த்தார்கள். 1975 முதல் உலகில் புதிதாகக் கட்டப்படும் பகுதிகள் முன்னைவிட இணைப்புக் குறைந்தவையாகவே வந்திருக்கின்றன. அமெரிக்கா செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் தவறை, இப்போது வேகமாக வளரும் நாடுகள் புதிதாகச் செய்துகொண்டிருக்கின்றன.

இதனால் எனக்கு நம்பிக்கையும் வருகிறது. அமெரிக்காவில் அந்தப் போக்கு திரும்பியது தானாக நடக்கவில்லை. பல ஊராட்சிகள் புது வரைபடத்தில் முட்டுச்சந்துகளுக்கு வரம்பு கட்டின, பக்கத்து நிலத்தோடு சாலை சேர வேண்டும் என்று விதி போட்டன. அது நம் மாவட்டத்திலும் முடியும்.

ஒரே வாசலால் அப்படி என்ன கெட்டுவிட்டது? கார் இருக்கிறதே.

காலை ஏழு மணிக்கு எங்கள் தாமான் வாயிலில் வந்து நில்லுங்கள். எல்லா வீட்டுக் காரும் மோட்டாரும் அந்த ஒரே வாயிலில்தான் வெளியே வர வேண்டும். அடுத்த தாமானும் அடுத்ததும் அதே பெரிய சாலையில் கொட்டுகின்றன. பெரிய சாலையை அகலப்படுத்தினால் சில வருஷம் தாங்கும், பிறகு பழைய கதைதான். நான்கு வழி இருந்தால் கூட்டம் தானாகப் பிரிந்துபோகும்.

பேருந்து உள்ளே வராததற்கும் இதுவே காரணம். நுழைந்த வழியே திரும்ப வேண்டிய தாமானுக்குள் வண்டியை விட்டால் நேரமும் எண்ணெயும் வீண் என்று பேருந்துக்காரர் கணக்குப் போடுகிறார். அவர் கணக்கு சரிதான். கார் ஓட்டத் தெரியாத அம்மாக்கள், கண் மங்கிய தாத்தாக்கள், உரிமம் எடுக்க வயது வராமலே மோட்டாரை முறுக்கும் பையன்கள், எல்லோரும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

முட்டுச்சந்து என்றால் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடலாம், திருடனும் வரமாட்டான். திறந்துவிடச் சொல்கிறீர்களா?

பிள்ளைகள் விளையாடுவது உண்மை. என் பிள்ளைகளும் அப்படித்தான் பூப்பந்து ஆடி வளர்ந்தார்கள். வேகமாகக் குறுக்கே பாயும் கார் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். கார் போக முடியாத இடத்திலும் கால் போகலாமே என்றுதான் கேட்கிறேன். நெதர்லாந்தில் ஹௌத்தன் என்றோர் ஊர். அங்கே காரில் பக்கத்துப் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிளும் நடையும் ஊர் நடுவே நேராகப் போகும். தெரு முடிவில் இரண்டு இரும்புக் கம்பத்தை நட்டு நடுவில் ஆள் நுழைய இடம் விட்டால் அதே வேலை இங்கேயும் நடக்கும்.

திருடன் விஷயத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. நடமாட்டமுள்ள பாதையில் நாலு கண் இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் புதர் மண்டி விளக்கில்லாமல் கிடக்கும் சந்தில் அந்த நாலு கண் இருக்காது. பாதை கேட்கும்போது விளக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

தடுப்புக் கம்பு போட்டு ஜாகா (காவலாளி) உட்கார்ந்திருக்கிறாரே, அது சட்டப்படி சரியா?

இரண்டு வகைத் தாமானைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிலத்தோடு கூடிய அடுக்குரிமைத் தாமான் (அடுக்குமாடி போலத் தனி வீடும் கூட்டுச் சொத்தும் சேர்ந்த உரிமை) ஒரு வகை. 2007 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது. அங்கே உள்தெருக்களே குடியிருப்பாளர்களின் கூட்டுச் சொத்து. மற்றது நம்மைப் போன்ற சாதாரணத் தாமான். இதில் தெரு பொதுச்சாலை. சங்கம் காசு சேர்த்து ஜாகா போட்டாலும் தெரு சங்கத்துக்குச் சொந்தமாகிவிடாது. இப்படிப்பட்ட தாமான்களுக்கு 2010இல் கூட்டரசின் வழிகாட்டி வெளியானது.

2015இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. கட்டணம் கட்டாத குடியிருப்பாளர் ஒருவர் தடுப்புக் கம்பைத் தன் கையாலேயே தூக்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஊராட்சியின் அனுமதியோடு வைத்த காவல் கூண்டும் கம்பும் சாலையை மறித்ததாகாது என்று தீர்ப்பானது. தூக்கினால் போகலாம் என்பது அதில் முக்கியம். பொதுத்தெருவின் குறுக்கே சுவர் எழுப்புவதும் பூட்டுப் போடுவதும் வேறு விவகாரம். அதை ஊராட்சியில் புகார் செய்யலாம்.

ரயில் இரட்டைப் பாதை வந்த பிறகு கடவையைக் காணோமே?

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்குப் போட்ட மின்சார இரட்டைப் பாதை 2014இல் முடிந்தது. வேக ரயில் ஓடும் தடத்தில் தரைமட்டக் கடவை வைக்க முடியாது, ஆகவே மேம்பாலங்களும் இருபக்கமும் வேலியும் வந்தன. ரயில் வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் மேம்பாலங்கள் காரை நினைத்துக் கட்டப்பட்டவை, நடப்பவருக்கு ஏற்றமும் சுற்றும் அதிகம்.

கட்டி முடித்த பிறகு சரிசெய்ய முடியாதா?

கடினம். பினாங்கின் ஜார்ஜ்டவுனைப் பாருங்கள். 1786இல் அந்த ஊரை நிறுவிய பிரான்சிஸ் லைட் காலத்தில் லைட் தெரு, பீச் தெரு, பிட் தெரு, நம்மவர்கள் கடை வைத்த சூலியா தெரு என்று கோடு போட்டார்கள். அப்போதிருந்த அத்தாப்பு ஓலைக் குடிசை ஒன்றுகூட இன்று இல்லை. ஜப்பான்காரன் குண்டும் விழுந்தது. தெருக்களின் பெயர்கூட மாறியிருக்கிறது. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு தெரு போட்டுவிட்டால் அதன் இருபுறமும் நூற்றுக்கணக்கான பட்டாக்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒன்றை நகர்த்த எல்லாரையும் கேட்க வேண்டும். நம் தாமான் முட்டுச்சந்துகளும் அப்படித்தான் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். ஆகவே புதுத் தோட்டத் துண்டு ஒன்றில் மண் வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில மாதங்களை நான் பொன்னாக நினைக்கிறேன்.

அந்தச் சில மாதங்களில் நாம் என்ன செய்யலாம்?

நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இல் வந்தது. அதன்படி ஊராட்சி உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்வது) தயாரிக்கும்போது நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால், அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். யார் அக்கம்பக்கம் என்பதையும் சட்டம் சொல்கிறது. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ லோங்கானோ இடையிலிருக்கும் நிலம், இவற்றோடு அந்த மனைக்குப் போகும் வழி முட்டுச்சந்தாக இருந்தால் அதே வழியைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலங்களும். முட்டுச்சந்தில் இருப்பவருக்குக் கூடுதல் பாதிப்பு உண்டு என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஊராட்சியிலிருந்து வரும் கடிதத்தைத் திறக்காமல் காலண்டருக்குப் பின்னால் செருகிவிடாதீர்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் அப்படித்தான் 21 நாளும் ஓடிப்போனது.

ஆட்சேபம் எழுதும்போது “இந்தத் திட்டம் வேண்டாம்” என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. “இன்ன மனைக்கும் இன்ன மனைக்கும் இடையில் நடைபாதையும், லோங்கான் மேல் சைக்கிள் போகும் அகலத்தில் பாலமும், அவை பொது ஒதுக்கீடாகப் பதிவும் வேண்டும்” என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை மறக்க வேண்டாம். தோட்டத்துச் சடக்கு நம் கையை விட்டுப் போனது பதிவு இல்லாததால்தான்.

வீடு வாங்கப் போகிறோம். எதைப் பார்ப்பது?

மாதிரி வீட்டின் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் முழு மனைவரைபடத்தைக் கேளுங்கள். வாசல் எத்தனை, தெரு எங்கே சும்மா நிற்கிறது, அதற்கு அப்பால் யார் நிலம், பள்ளிக்கும் கோயிலுக்கும் நடக்க எவ்வளவு நேரம். பிறகு ஒரு தடவை உண்மையிலேயே நடந்து பாருங்கள்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்தப் பலகை என்ன ஆனது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தாமானுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் ஆறடி அகல லோங்கான். அதன் மேல் யாரோ பழைய ரயில் கட்டையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் சப்பாத்துப் பட்டு அதன் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் நைலான் கயிறு. பக்கத்து மனையில் வேலை தொடங்கியதும் மேம்பாட்டாளர் கட்டையை எடுத்துவிட்டு வேலி போட்டார். மறுவாரமே வேலியில் ஓட்டை. அவர் அடைத்தார். மறுபடியும் ஓட்டை. மழைநாளில் ஒரு பையன் வழுக்கி லோங்கானில் விழுந்து முழங்கை உடைந்த பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். சங்கம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் மூன்றும் சேர்ந்து வரைபடத்தோடு ஊராட்சிக்கு மனு கொடுத்தோம். வீட்டுக்கு வீடு பள்ளிக்குப் போகும் தூரத்தை அளந்து பட்டியலும் இணைத்தோம். 350 மீட்டருக்கு 2.6 கிலோமீட்டர் என்ற வரியை அதிகாரி இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

இப்போது அங்கே கைப்பிடியோடு சிமெண்டு நடைபாலம் இருக்கிறது. விளக்கு இன்னும் வரவில்லை. பாதையைப் பொது ஒதுக்கீடாகப் பதிவு செய்யச் சொல்லிக் கொடுத்த விண்ணப்பம் நில அலுவலகத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் அங்கே போய்க் கேட்டு வருகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் காலை எட்டரைக்குக் கோயில் வாசலுக்கு வாருங்கள்.